யாளி முகத்தின் உட்புறம்

அப்பு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். "நான் இங்கயே தங்கிரட்டுமாம்மா?" என்றாய். நான் "அப்பாகிட்ட கேட்டுக்க, அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அன்றைக்குப் பால்காரரே வரவில்லை. உன் குரலைக் கேட்டால் என் வாயில் வருவது ஒன்றாகவும் மனசில் இருப்பது வேறொன்றாகவும் ஆகிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். அனுப்புகிற சாக்கில் அவரும் படிப்பார். படிக்கட்டும். உனக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் மாசித் திருவிழா நாடகத்தைப் பற்றி முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீடியோ பார்த்தேன் என்று சொன்னாய். வீடியோவில் வெளியே நின்றவர்கள் பார்த்ததுதான் இருக்கும். நான் உள்ளே இருந்தேன்.

நாடகம் எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஏலக்காய்க் கடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிற பார்வதி மதினிக்குக் கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். நாங்கள் இருவரும் போடிக்கு இறங்கி வருவதற்கு முன்னால் பூப்பாறைக்கு மேலே எஸ்டேட்டில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இப்போதும் மாசியில் காய் எடுப்பு ஓய்ந்ததும் அங்கே அம்மன் கோயில் திருவிழாவுக்கு உன் அப்பா ஓட்டுகிற ஜீப்பில் போய்விடுவோம். இந்த வருஷம் வெறுமனே பொங்கல் வைத்துவிட்டு வரக் கூடாது, நாடகம் போட வேண்டும் என்று மதினிக்கு ஆசை வந்துவிட்டது. கதையையும் அவளே கட்டினாள். அந்த மலை முதலில் ஒரு யாளிக்குச் சொந்தம். ஏலம் வைக்க ஆட்கள் வந்து காட்டை வெட்டியதும் யாளி பாறைக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒரு வருஷம் அது இறங்கி வருகிறது. எல்லாரும் சிதறி ஓடுகிறார்கள். ஓட முடியாத ஒரு கிழவி மட்டும் அடுப்படியிலேயே இருக்கிறாள். எதிரே வந்து நிற்கிற யாளியைப் பார்த்து அவள், "பசிக்குதா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. கிழவி வேஷம் மதினிக்கு. "யாளி நல்ல உயரமா இருக்கணும். ஒம் மகனைக் குடு" என்றாள். உனக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்கான உத்தரவு சித்திரைக்குப் பிறகுதான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நீயும் சரி என்றாய்.

முகமூடிக்கு வழி சொன்னதும் நீதான். களிமண்ணில் அச்சு செய்ய வேண்டாம், ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்குப் போடுகிற மாவுக்கட்டுத் துணியே போதும் என்றாய். தேனியிலிருந்து வாங்கி வந்தாய். ஐப்பசியில் ஒரு காலை, முன் அறையில் பாய் விரித்து மல்லாந்து படுத்தாய். உன் முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவினேன். புருவத்தில் மட்டும் கூடுதலாகத் தடவச் சொன்னாய், இல்லையென்றால் கட்டைப் பிரிக்கும்போது புருவமும் கூட வந்துவிடுமாம். துணியைத் தண்ணீரில் நனைத்துத் துண்டு துண்டாக நெற்றியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தேன். "மூக்கு ஓட்டைய விட்டுரும்மா. வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே என்னைய மேல அனுப்பிறாத" என்றாய். அதற்கப்புறம் வாயையும் மூடிவிட்டதால் நீ பேச முடியவில்லை. உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இவன் இம்புட்டு நேரம் வாய மூடிக்கிட்டு இருந்து நான் பாத்ததே இல்ல. இந்த மாவ தெனமும் போடுவமா?" என்றார். நீ சிரிப்பை அடக்க முடியாமல் வயிறு குலுங்கியதில் கன்னத்துப் பக்கம் விரிசல் விட்டு, அங்கே மறுபடி ஒரு துண்டு ஒட்ட வேண்டியதாயிற்று. மாவு இறுகும்போது சூடேறும் என்று நீ முன்னாலேயே சொல்லவில்லை. என் உள்ளங்கைக்குக் கீழே உன் முகம் காய்ச்சல் கண்டது போலச் சுட்டது. கழற்றி எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மூக்கு, மூடிய இமைகள், சின்ன வயசில் ஜீப்பு படியிலிருந்து விழுந்து தாடையில் பட்ட தழும்பு உட்பட எல்லாம் பள்ளமாகப் பதிந்திருந்தன. அதற்கு மேலே யாளியைக் கட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டு நீ முகம் கழுவப் போனாய்.

ஆனால் கார்த்திகை பிறந்ததுமே உத்தரவு வந்துவிட்டது. உடனே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். பெட்டி கட்டுவதிலும், ஸ்வெட்டர் தேடுவதிலும், ஊறுகாய் பாட்டில் உடையாமல் சுற்றுவதிலும் நாட்கள் போயின. மதுரை ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ திரும்பிப் பார்த்துக் கையாட்டியதும் உன் அப்பா, "போலாமா, வண்டிய வெயில்ல விட்ருக்கேன்" என்றார். அன்றைக்கு வெயிலே அடிக்கவில்லை. உசிலம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினார். இரண்டு பேரும் குடிக்காமலே கிளம்பினோம். வீட்டுக்கு வந்தால் அலமாரி மேலே அந்த வெள்ளை மாவு முகம் கவிழ்ந்து கிடந்தது. பல நாள் நான் அதைத் தொடவில்லை. துடைக்கிறபோதுகூட அதைச் சுற்றித்தான் துடைத்தேன். ஒருநாள் பார்வதி மதினி வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு, "மாசி என்ன நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? எடுத்து வச்சு சோலியப் பாரு" என்றாள்.

எடுத்து வைத்தேன். பழைய பேப்பரைக் கிழித்து ஊறப் போட்டு, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் மசிய ஆட்டினேன். முறத்துக்குப் பூசுகிற அதே கூழ்தான். கம்பியை வளைத்துத் தும்பிக்கைக்கும் கொம்புக்கும் எலும்பு கட்டினேன். மூங்கில் சிம்புகளைத் தாடைக்குக் கொடுத்தேன். கொட்டாங்குச்சி இரண்டைத் தேய்த்துக் கண்ணாகப் பதித்து, மாவு இமையையும் சேர்த்துச் சின்னதாகத் துளை போட்டேன். காய்ந்த ஏலத்தட்டையை நார் நாராகக் கிழித்துப் பிடரி மயிர் வைத்தேன். பெரிய பெரிய பல்லாகச் செய்து இரண்டு வரிசை நட்டேன். எல்லாம் முடித்து உன் அப்பாவிடம் காட்டினால் அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சளி பிடிச்ச பன்னிக்குட்டி மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் சொன்னது நிஜம். வாயைப் பிளந்துகொண்டு இளிக்கிற எதைப் பார்த்தும் யாருக்கும் பயம் வராது.

நான் மெய்யாகவே பயந்தது எப்போது என்று யோசித்தேன். நீ என் வயிற்றில் இருந்தபோது, எஸ்டேட்டில் ஓடைக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் ஒரு காட்டுமாடு நின்றது. சீறவில்லை, காலால் மண்ணைக் கிளறவில்லை. தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கனத்த இமைக்குக் கீழே இருந்து என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பது போல இருந்தது. அது தானாக விலகிப் போகும்வரை வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பார்வை நினைவுக்கு வந்ததும் மறுநாளே பல்லில் பாதியைப் பிடுங்கிப் போட்டேன். வாயை மூடினேன். கொட்டாங்குச்சிக் கண்ணுக்கு மேலே கூழை அப்பி அப்பி இமையைக் கனமாக்கி, கண்கள் கீழ்நோக்கிப் பார்க்கிற மாதிரி இறக்கினேன். சாயந்திரம் வேலை முடிந்து வந்த உன் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, அப்படியே நின்றார். "இத வேற பக்கமாத் திருப்பி வையி" என்றார்.

இதற்கு நடுவில் மழை. விடாத அடை மழை. கூழ் காயவே இல்லை. ஒரு வாரத்தில் தும்பிக்கை மேலே பூஞ்சை படர்ந்துவிட்டது. அடுப்புப் பக்கம் வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்றது. உன் அப்பாதான் ஒரு வழி சொன்னார். ஆளேற்றிக்கொண்டு போகும்போது ஜீப்பு முன் சீட்டில் அதையும் ஏற்றி, எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குக் கொண்டு போனோம். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற குட்டப்பன் சேட்டன் உனக்கு ஞாபகம் இருப்பார், உனக்கு எப்போதும் கையில் கொய்யா கொடுப்பவர். காய் பரப்பிய தட்டுகளுக்கு ஓரமாக, சூடு மிதமாக இருக்கிற மூலையில் அவரே வைத்தார். மறுநாள் காலையில் போன் வந்தது. "சேச்சி, இந்த சாதனத்த வெரசா எடுத்துக்கிட்டுப் போணும். கதவு தொறந்த பணிக்காரி பேடிச்சு ஓடிட்டா. இனி உள்ள கேற மாட்டாளாம்." அந்தப் பெண் பயந்து ஓடியதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை நான் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. இன்னும் இரண்டு நாள் மட்டும் இருக்கட்டும், ஒரு சாக்கைப் போட்டு மூடி வையுங்கள் என்று கெஞ்சினேன். காய்ந்து வந்தபோது தட்டினால் பலகை போலச் சத்தம் கேட்டது. கருப்பும் காவியும் அடித்தேன். கொம்புக்கு மட்டும் வெள்ளை.

உனக்குப் பதிலாக ஆட மதினி தன் தம்பி மகனைக் கூட்டி வந்தாள். நல்ல உயரம், நல்ல குரல். ஆனால் முகமூடி அவனுக்குச் சேரவில்லை. மூக்கு நசுங்குகிறது, மூச்சு விட முடியவில்லை என்று உடனே கழற்றிவிட்டான். இன்னும் ஒருவன் போட்டுப் பார்த்தான். கன்ன எலும்பில் இடிக்கிறது என்றான். "நீ ஒரு தடவ போடு, எங்க இடிக்குதுன்னு பாப்போம்" என்றாள் மதினி. போட்டேன். எங்கேயும் இடிக்கவில்லை. தாடை மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. நீ என்னை உரித்து வைத்திருக்கிறாய் என்று சொல்வார்களே, அது சும்மா சொன்னதில்லை. மதினி என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்ப நீதான்" என்றாள். உன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "முட்டி வலியில மாடிப்படி ஏற மாட்டேங்குற. யாளியா ஆடப் போறியா? பாக்குறவுக என்ன சொல்லுவாக?" என்றார். "மூஞ்சியா தெரியப் போகுது?" என்றேன்.

சாயந்திரம் ஆனால் அந்தப் பக்கம் ஆனை இறங்கிவிடும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே நாடகத்தை முடித்துவிட வேண்டும் என்று கோயில்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு மணி வெயிலில், ஏலச் செடிகளுக்கு நடுவே சரிவின் மேலே நான் முகமூடியோடு உட்கார்ந்திருந்தேன். கொட்டு மாறியதும் எழுந்து இறங்கினேன். கொட்டாங்குச்சித் துளை வழியாக ஒரு துணுக்கு வானம், ஒரு துணுக்கு மண், யாரோ ஒருவரின் சேலை, இவ்வளவுதான் தெரிந்தது. என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. என்னைப் பார்த்து யாரும் அதுவரை ஒரு அடிகூட விலகியதில்லை. சூப்பர்வைசரும் கடைக்காரரும் பஸ்சில் இடிக்கிறவர்களும் என்னைத்தான் தள்ளிப் போகச் சொல்வார்கள். அன்றைக்கு நான் நடக்க நடக்கக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது.

மூன்று கல் அடுப்புக்குப் பக்கத்தில் கிழவியாக மதினி உட்கார்ந்திருந்தாள். நான் போய் எதிரே நின்றேன். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து, "பசிக்குதா?" என்று கேட்டாள்.

"ஆமா, ரொம்ப நாளாப் பசி" என்று கனத்த குரலில் நான் சொல்ல வேண்டும். அது ஒரே ஒரு வசனம். கடையில் காய் பொறுக்கிக்கொண்டே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்ததுதான். ஆனால் அந்த இருட்டுக்குள், உன் மூக்கு இருந்த இடத்தில் என் மூக்கும், உன் இமை இருந்த இடத்தில் என் இமையும் இருக்க, அந்தக் கேள்வி எங்கோ வெகு தூரத்திலிருந்து வருவது போல அமுங்கிக் கேட்டது. அப்பு, தினமும் உனக்குப் போன் போட்டதும் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதானே. சாப்பிட்டியா என்று கேட்பேன். நீ "ம்" என்பாய். என்ன சாப்பிட்ட என்பேன். "ஏதோ சாப்பிட்டேம்மா" என்பாய். அந்த "ம்" எனக்கு ஆத்திரமாக வரும். அம்புட்டுத் தூரம் போனதும் பெத்தவளிடம் பேசக்கூட இவனுக்கு வலிக்குதா என்று உன் அப்பாவிடம் புலம்புவேன். அன்றைக்கு, கேள்வி கேட்கிறவளாக இல்லாமல், கேட்கப்படுகிற இடத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. "ஆமா" என்று வாயைத் திறந்தால் அதோடு நிற்காது. பின்னாலேயே எல்லாம் வந்துவிடும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாளி அழக் கூடாது.

நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து வசனம் மறந்துவிட்டேன் என்று மதினி நினைத்துக்கொண்டாள். எனக்கு எடுத்துக் கொடுப்பதற்காக மறுபடியும், "என்ன ஆத்தா, பசிக்குதா?" என்றாள். யாளியை ஆத்தா என்று கூப்பிட்டதில் கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். என்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு "ம்". தும்பிக்கைக்குள் புகுந்து வெளியே வரும்போது அது உறுமலாகக் கேட்டிருக்கிறது. சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். நான் மண்டி போட்டேன். மதினி கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் வைத்தாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த உன் அப்பா எனக்கு மூச்சு முட்டிவிட்டது என்று நினைத்து எழுந்து பாதி தூரம் ஓடி வந்துவிட்டார். வீடியோவில் ஒரு வேட்டி குறுக்கே போகுமே, அது அவர்தான். எல்லாரும் அதையும் நாடகம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

இதிலிருந்து உனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நீ அங்கே பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாம் வயசானவர்கள், பலர் பேசவே மாட்டார்கள் என்று சொன்னாய். நீ கேட்பதற்கு அவர்கள் "ம்" என்று மட்டும் சொன்னால், அவர்களுக்கு உன்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதே. கொஞ்சம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போ. நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள். அவளும் சில நாள் "ம்" என்பாள். அன்றைக்கு அவளிடம் காரணம் கேட்டுக் குடையாதே, என்னைப் போல மூக்கைச் சிந்தவும் செய்யாதே. கிண்ணத்தை அவள் கையில் வைத்துவிட்டு இரு.

இறங்கி வரும்போது போடிமெட்டில் ஜீப்பை நிறுத்தி எல்லாரும் டீ குடிக்கப் போனோம். நான் சால்வையை எடுக்க வண்டிக்குத் திரும்பி வந்தேன். உன் அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முகமூடியை மடியில் கவிழ்த்துப் போட்டு, உள்ளே கையை விட்டிருந்தார். விரல் மூக்குப் பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து மெதுவாகத் தாடைக்கு வந்து, அந்தத் தழும்பு இருக்கிற இடத்தில் நின்றது. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். "உள்ள வேர்வை ஈரம் காஞ்சிருச்சான்னு பாத்தேன்" என்றார். காஞ்சிருச்சா என்று கேட்டேன். "இன்னும் இல்ல" என்றார். நான் சால்வையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன். அவர் படிக்கிறார் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். நீயும் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

அதற்கப்புறம் முகமூடி நம் வீட்டில்தான் இருந்தது. எனக்கு எப்போதெல்லாம் உன்னைப் பார்க்கத் தோன்றுகிறதோ அப்போதெல்லாம் அதை எடுத்து, யாளியைக் கீழே பார்க்க வைத்து, உள்பக்கத்தைப் பார்ப்பேன். போனில் உன் முகம் அசைந்துகொண்டே இருக்கிறது, நின்று நின்று போகிறது. இது அசையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ வெளிநாட்டுக்குப் போன பிறகு என் ஆறுதல் இதுவாகத்தான் இருந்தது.

நீ அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு மறுநாள், திங்கள்கிழமை, பார்வதி மதினி தன் மருமகளோடு வந்தாள். அடுத்த வருஷம் மூன்று எஸ்டேட்டில் ஆடக் கேட்கிறார்கள், என் முட்டிக்கு அது ஆகாது, மருமகள்தான் யாளி. அந்தப் பெண்ணுக்குச் சின்ன முகம். போட்டுப் பார்த்தாள். உள்ளே கடகடவென்று ஆடியது. "உள்பக்கம் பஞ்சும் துணியும் வச்சு ஒட்டிட்டா சரியாயிரும்" என்றாள் மதினி. அந்தப் பெண்ணிடமிருந்து முகமூடியை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். மதினி மருமகளை டீ போட உள்ளே அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேண்டாம்னா சொல்லு. வேற ஒண்ணு செஞ்சுக்கிருவோம்" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அந்தப் பெண் யாளி உறுமுவதை மெல்லப் பழகிப் பார்க்கிற சத்தம் கேட்டது. என்னை விட நன்றாகவே உறுமினாள். "பசை நானே காய்ச்சுறேன்" என்று எழுந்தேன்.

நானேதான் ஒட்டினேன், அப்பு. நெற்றியில் பஞ்சு வைத்தேன், கன்னத்தில் வைத்தேன், மூக்குக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். மேலே வெள்ளைக் காடாத்துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டினேன். இப்போது உள்ளே பார்த்தால் யாருடைய முகமும் இல்லை, துணிதான் இருக்கிறது. அந்தப் பெண் போட்டுக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். முகமூடி ஆடவில்லை. சாயந்திரம் உன் அப்பா வந்து அதைத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் ஒட்டியிருக்க" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார். இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம், உங்க மகன் அங்கேயே தங்கிரட்டுமான்னு கேக்குறான் என்றேன். "ஒங்கிட்ட கேட்டதத்தான் எங்கிட்டயும் கேட்டான். அம்மா சொல்றதுதான்னு சொல்லிட்டேன்" என்றார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் தலையில்தான் கட்டியிருக்கிறீர்கள்.

சரி, சொல்கிறேன். வா என்று சொல்லத்தான் ஆசை. இப்போதே, கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, அந்தக் குளிரை விட்டு வா என்று சொல்ல ஆசை. தேனியில் ஆஸ்பத்திரி இல்லையா, மதுரையில் இல்லையா என்று கேட்க ஆசை. இந்த ஆசை நாளைக்கோ அடுத்த வருஷமோ குறையும் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் நீ கேட்டபோது உன் குரலை நான் கேட்டேன். "ம்" என்று சொல்கிற குரலாக அது இல்லை. உனக்கு அங்கே ஏதோ பிடித்துப்போயிருக்கிறது. என்னவென்று நீ சொல்லவில்லை, நானும் இப்போது கேட்கவில்லை.

தங்கிக்க, அப்பு. நல்லா இரு. இதை நான் மாற்றிப் பேச மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். சில நாள் நீ போன் போட்டால் நான் எடுக்க மாட்டேன். கோபம் என்று நினைக்காதே, உடம்புக்கு என்னவோ என்று பதறாதே. எடுத்தால் வந்துரு என்று சொல்லிவிடுவேன், அதனால்தான் எடுத்திருக்க மாட்டேன். அன்றைக்கு மட்டும் உன் அப்பாவோடு பேசிக்கொண்டிரு. மறுநாள் விடிந்ததும் நானே கூப்பிடுகிறேன்.

அம்மா